தடைக்காலத்திலும் சேலத்துக்கு மத்தி வருகிறதே, எப்படி?

ஏப்ரல் பாதி தாண்டினால் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் இந்தச் சந்தேகம் வந்துவிடும்: "கடலுக்கே போகக் கூடாதுன்னா, இந்த மத்தி எங்கிருந்து வருது? ஐஸில் கிடந்த பழைய மீனா?" நியாயமான கேள்விதான். பதில் விதியிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடை. இது விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான், நாட்டுப்படகுகள் போகலாம். மத்தி கரையை ஒட்டியே கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் நாட்டுப்படகு வலையிலும் விழும். கேரளத்தில் தடை ஜூன் 9 நள்ளிரவில்தான் தொடங்கும். அதுவரை பாலக்காடு, கோவை வழியாக அங்குள்ள மத்தியும் நமக்கு வரலாம். ஆகவே தடைக்கால மத்தி என்றாலே பழையது என்று ஒதுக்க வேண்டியதில்லை. செவுள் சிவந்திருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். முன்பு 5,000. கூட்டியது நல்லதுதான், ஆனாலும் 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 131 ரூபாய். விலை ஏறிவிட்டது என்று நாம் வருந்தும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

இன்னொரு விதி வலையைப் பற்றியது. மத்திக் கூட்டத்தை அப்படியே வளைத்து அள்ளுவது சுருக்குமடி வலை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அதைப் பயன்படுத்த 2000-லேயே தமிழ்நாடு தடை விதித்துவிட்டது. அந்த எல்லைக்கு அப்பால் திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை பயன்படுத்த 2023-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? கேரளத்தைப் பாருங்கள். 2012-ல் அங்கே பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-ல் வெறும் 3,297 டன். எல் நினோவால் கடல் சூடானது ஒரு காரணம், குஞ்சோடு சேர்த்து வாரியது இன்னொன்று. பிறகு வரத்து மீண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. இந்தக் கவலை புதிதல்ல. சேலமும் அடங்கிய அன்றைய சென்னை மாகாண அரசு 1943-லேயே மத்தி பிடிக்கக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது.

தடைக்காலம் மட்டுமே மத்தியைக் காப்பாற்றிவிடாது என்பது என் எண்ணம். மேற்குக் கரையில் அது அதிகம் முட்டையிடுவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கேரளத் தடை நாட்களிலும் பாரம்பரிய வள்ளங்கள் மத்தி பிடிக்கின்றன. அதனால்தான் அளவு விதி முக்கியம். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. இனப்பெருக்கத்துக்குத் தயாராக அது சுமார் 15 சென்டிமீட்டராவது வளர வேண்டும். ஆட்காட்டி விரல் நீளம்கூட இல்லாத மத்தியைக் கூறு கட்டி வைத்திருந்தால், விலை மலிவாக இருந்தாலும் அதை விட்டுப் பெரிய மத்தியாகக் கேளுங்கள்.