மொறுமொறு உருளைக்கிழங்கும் சிங்கப்பூரின் ஈரக்காற்றும்

ரசச் சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் இல்லையென்றால் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. அடுப்பிலிருந்து இறக்கும்போது மொறுமொறுவென்று இருந்தது கால் மணி நேரத்தில் தட்டில் தொய்ந்துவிடும். ஏன் என்று கேட்டுப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, எனக்கு அது வெறும் தொடுகறியாகத் தெரிவதில்லை.

உருளைக்கிழங்கில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வாணலியில் எண்ணெய் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தாலும், துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். சடசடவென்று கேட்பது அந்த நீராவி வெளியேறும் ஓசை. ஓசை தணிந்தால் மேற்பரப்பு காய்ந்துவிட்டது என்று பொருள். என் அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றபடியே, காதால் கேட்டுப் பதம் சொல்வார். அது எவ்வளவு துல்லியமான அளவீடு என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஈரம் போன பிறகுதான் சிவக்கும். கிழங்கிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்கும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் லூயி கமீய் மையாரின் பெயராலேயே இதை மையார் வினை என்கிறோம்.

பச்சைக் கிழங்கை நேரே எண்ணெயில் போட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். அதனால் முதலில் அரைவேக்காட்டுக்கு மேல் அவிக்க வேண்டும். 60 டிகிரியைத் தாண்டியதும் மாவுச்சத்து மணிகள் நீரை உறிஞ்சி உப்பிக் கூழாகின்றன. வடித்த பாத்திரத்தை மூடிக் குலுக்கினால் துண்டுகளின் விளிம்புகள் சிதைந்து, அந்தக் கூழ் மேலெல்லாம் பூசிக்கொள்ளும். பின்னர் எண்ணெயில் காய்ந்து மொறுமொறுப்பான ஓடாக மாறுவது இந்தப் பூச்சுதான்.

அவிக்கும் நீரில் ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா சேர்த்துப் பாருங்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் சோடாவின் காரத்தன்மையில் விரைவாகக் கரைவதால் விளிம்புகள் நன்றாகச் சிதையும். புளி இதற்கு நேரெதிர். புளி கரைத்து ஊற்றிய குழம்பில் கிழங்கு எளிதில் வேகாது என்பது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். அமிலம் பெக்டினைக் கட்டிக் காப்பதே காரணம்.

அடுத்தது உலர்த்துவது. பலரும் தாண்டிப் போகிற இந்தப் படியை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். வடித்த சூட்டோடு துண்டுகளை அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடம் வையுங்கள். கிழங்கின் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும். மேற்பரப்பு வெளுத்து மங்கலானால் எண்ணெய்க்குத் தயார்.

சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தையில் கிழங்கு வாங்கும்போது மாவாக வேகும் வகையைக் கேட்டு வாங்குங்கள். எது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு நீரில் கரைத்து அதில் போடுங்கள். மாவுச்சத்து மிகுந்தது மூழ்கும், வழவழப்பானது மிதக்கும். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, மொறுமொறுப்பாகும் முன்பே கருத்துவிடும். அளவுமீறிச் சிவக்கவிடாதிருக்க இன்னொரு காரணமும் உண்டு. கடும் வெப்பத்தில் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உருவாவதை 2002இல் ஸ்வீடனில் கண்டறிந்தார்கள். பொன்னிறத்தில் நிறுத்திக்கொள்வதே நல்லது. மிளகாய்த்தூள் நொடியில் கருகும் என்பதால் அதைக் கடைசியில்தான் தூவ வேண்டும்.

இனி, தொய்வு. காய்ந்த மாவுச்சத்து ஓடு கண்ணாடியைப் போல விறைப்பான நிலையில் இருப்பதால்தான் கடித்தால் நொறுங்குகிறது. சிறிது நீர் ஏறினாலும் அது ரப்பரைப் போல நெகிழ்ந்துவிடும். அந்த நீர் இரண்டு வழியில் வருகிறது. துண்டின் உட்புற ஈரம் மெல்ல வெளியே நகர்கிறது. ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூர்க் காற்று வெளியிலிருந்து ஊட்டுகிறது. சூட்டோடு மூடிவைத்தால் ஆவி மூடியில் பட்டுத் துளியாகி மறுபடி வறுவல்மேலேயே சொட்டும்.

ஆகவே, எண்ணெயிலிருந்து எடுத்ததும் கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். ஆறும்போது உள்ளே ஆவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சத் தொடங்கும். அதற்குள் எண்ணெய் வடிந்துவிட வேண்டும். பிள்ளைகளின் உணவுப் பெட்டிக்கு என்றால், முழுவதும் ஆறிய பிறகே மூடியைப் போடுங்கள்.