அடியிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்திருக்கிறார்களா? இதைப் படியுங்கள்

கர்ப்பப்பை இறக்கத்துக்கோ, மூத்திரப்பை சரிந்ததற்கோ ஆபரேஷன் செய்து சில வருஷம் கழித்து வெள்ளைப்படுதல், லேசான ரத்தக் கசிவு, திரும்பத் திரும்ப நீர்க்கடுப்பு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உள்ள வலை ஏதாவது வெச்சாங்களாம்மா?" என்பதுதான். "தெரியலையே டாக்டரம்மா" என்பார்கள் பலரும். தையல் போட்டார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள், அதற்கு மேல் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். தன் உடம்புக்குள் என்ன வைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு அடியிறக்கம் புதிதில்லை. மூன்று நான்கு பிரசவம், அதற்கப்புறம் காலமெல்லாம் மீன் கூடையும் லாரித் தண்ணீர்க் குடமும் என்றால் அடிவயிற்றைத் தாங்கும் தசை தளராமல் என்ன செய்யும்? அப்படித் தளர்ந்த இடத்துக்கு முட்டுக்கொடுக்கத்தான் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் நூலில் பின்னிய வலையை வைத்தார்கள். ஹெர்னியாவுக்கு வைப்பதும் பெரும்பாலும் இதே பொருள்தான். ஆனால் பிறப்புறுப்பின் மெல்லிய சுவருக்குள் வைத்தபோது அது சிலருக்குச் சுவரை அரித்து வெளியே தலைகாட்டியது, சிலருக்குச் சுருங்கி உள்ளே இழுத்து வலித்தது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008-லும் 2011-லும் எச்சரித்து, 2016-ல் இதை அதிக ஆபத்துள்ள வகைக்கு மாற்றி, 2019 ஏப்ரலில் விற்பனையையே நிறுத்தச் சொன்னது.

இதைப் படித்துவிட்டு எல்லா வலையும் விஷம் என்று பதற வேண்டாம். அந்த உத்தரவு, இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலைக்கு மட்டும். வயிற்று வழியாக, முதுகின் அடியெலும்போடு இணைத்து வைக்கிற வலையும், இருமினால் தும்மினால் மூத்திரம் கசிவதற்கு வைக்கிற ஸ்லிங் நாடாவும் அதில் சேராது. அவற்றிலும் சிக்கல் வரலாம், ஆனால் கணக்கு வேறு. வலை வைத்தும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் அதை எடுக்கவே தேவையில்லை.

தொந்தரவு எப்படித் தெரியும்? நாற்றத்தோடு வெள்ளைப்படும், தாம்பத்தியத்துக்குப் பிறகு ரத்தம் வரும், உட்கார்ந்தால் ஆசனவாய்ப் பக்கமோ தொடையிடுக்கிலோ இழுக்கும். கணவர் "ஏதோ குத்துது" என்று சொல்வதும் ஒரு அறிகுறிதான். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். மீன் விற்கும் ஒரு அம்மா, "கழுவும்போது விரல்ல தூண்டில் நரம்பு மாறி தட்டுது" என்றார். பரிசோதித்தால் முன்பக்கச் சுவரில் சின்னதாக ஒரு திறப்பு, அதன் நடுவில் வலையின் கண்கள் கண்ணுக்கே தெரிந்தன. அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் ஆன்டிபயாடிக் மாத்திரையும் "வயசாயிட்டா அப்படித்தான்" என்ற பதிலும்.

இப்படிச் சின்னதாக வெளிவந்திருந்து, சீழோ வலியோ இல்லையென்றால், முதலில் கத்தியை எடுக்க மாட்டோம். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தச் சுவர் காய்ந்து மெலிந்திருக்கும், உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமைச் சில வாரம் போட்டுப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆறவில்லையென்றால் வெளியே தெரிகிற பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரை மூடுவோம். மூத்திரத்தில் ரத்தம் வந்தால் விஷயம் வேறு: வலை மூத்திரப்பைக்குள் போயிருக்கலாம், அதன் மேல் கல்கூடச் சேரும், மூத்திர வழியாகச் செலுத்தும் கேமராக் குழாயான சிஸ்டோஸ்கோப்பி வைத்து உள்ளே பார்த்தே ஆக வேண்டும். மலத்தோடு ரத்தம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. சி.டி. ஸ்கேனில் இந்த வலை சரியாகத் தெரியாது, அடிப்பக்கமாக வைத்து எடுக்கும் அல்ட்ராசவுண்டில் நன்றாகத் தெரியும்.

"முழுசா எடுத்துடுங்க" என்று கேட்கிறவர்களின் வேதனை புரிகிறது. ஆனால் வலை சதையோடு சதையாக ஊறிப்போயிருக்கும். மூத்திரப்பை, குடல், நரம்பு எல்லாம் பக்கத்திலேயே இருப்பதால் அதை எடுப்பது வைத்ததைவிடக் கஷ்டமான வேலை. எடுத்த பிறகும் சிலருக்கு வலி முழுசாகப் போவதில்லை, இறக்கமும் திரும்ப வரலாம். அதனால் இதில் பழக்கமுள்ள யூரோகைனகாலஜி (பெண்களின் மூத்திரப்பை, அடியிறக்கச் சிக்கல்களுக்கான பிரிவு) டாக்டரிடமே போங்கள். இடுப்புத்தளத் தசை இறுகி வலிப்பவர்களுக்கு ஃபிசியோதெரபியும் உதவும்.

அப்புறம், உள்ளே என்ன வைத்தார்கள் என்று காட்டும் ஆபரேஷன் பேப்பர். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைத்தவர்கள் இங்கே உண்டு. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் பேர், வருஷம், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) சொல்லி நகல் கேளுங்கள். வலை பாக்கெட்டில் வரும் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருந்தால் கம்பெனி, மாடல் எல்லாம் அதில் இருக்கும். கிடைத்ததும் மகனோ மகளோ போனில் ஒரு போட்டோ எடுத்து வைக்கட்டும்.

இனிமேல்தான் ஆபரேஷன் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: வலை வைப்பீர்களா, எந்த வழியாக, என் சொந்தச் சதையையே இழுத்துத் தைக்க முடியாதா, இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் சிலிகோன் ரிங்கைக் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாமா? சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி வாங்குங்கள்.