அவுட்ரேஜ்: வரம்பு கடந்த செயலுக்குத் தமிழில் என்ன சொல்?

அவுட்ரேஜ் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்க முற்படுவோர் பலரும் அதை ‘அவுட்’, ‘ரேஜ்’ என இரண்டாகப் பிரித்து, வெளியே பீறிட்டு வரும் சினம் என்று பொருள்கொண்டு, ‘சீற்றம்’, ‘ஆவேசம்’ என எழுதிவிடுகிறார்கள். மக்களின் கொதிப்பைக் குறிக்க இன்றைய செய்திகளில் அச்சொல் மிகுதியாக வழங்குவதால் இந்தப் பிழை எளிதாக நேர்கிறது. ஆனால் அச்சொல்லின் பிறப்பில் சினத்துக்கு இடமே இல்லை.

‘அப்பால்’ என்று பொருள்படும் ‘அல்ட்ரா’ என்னும் இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் திரிந்து, கரேஜ், மேரேஜ் ஆகிய சொற்களின் இறுதியில் உள்ள அதே விகுதியை ஏற்று, பின்னர் ஆங்கிலத்துக்கு வந்தது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் என்று நாம் சொல்லும்போது வருவதும் இந்த அல்ட்ராதான். செவிக்கு எட்டும் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒலி என்பது அதன் பொருள். ஆகவே அளவு கடத்தல், நெறியின் எல்லையைத் தாண்டுதல் என்பதே அவுட்ரேஜின் முதற்பொருள். வன்செயல், பெரும் அவமதிப்பு ஆகிய பொருள்கள் அதிலிருந்து கிளைத்தன. 19-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், நிலக்குத்தகைப் பூசல்களையொட்டி நடந்த தீவைப்பு, கால்நடைகளை ஊனப்படுத்துதல் போன்ற குற்றங்களை அரசு ஆவணங்கள் இப்பெயரிட்டே பதிந்தன. செயலின் பெயர், அதைக் கண்டவர் மனத்தில் எழும் கொதிப்புக்கும் ஆகிவந்தது பிற்காலத்தில்தான். நம் இலக்கணப்படி அது ஆகுபெயர்.

சட்டத்தில் இச்சொல்லின் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 354-ஆம் பிரிவில் பெண்ணின் ‘மாடஸ்டி’யையும் (நாணம், கண்ணியம்), 1927-இல் சேர்க்கப்பட்ட 295-அ பிரிவில் மத உணர்வுகளையும் ‘அவுட்ரேஜ்’ செய்வதைக் குற்றமாக்கியது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 74, 299 ஆகிய பிரிவுகளில் அதே சொல் தொடர்கிறது.

இவற்றுள் பெண்ணைப் பற்றிய பிரிவில் வரும் குற்றத்தைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் ‘மானபங்கம்’ என்கின்றன. எனக்கு இது ஏற்புடையதன்று. குற்றம் செய்தவன் ஒருவன் இருக்க, மானம் உடைந்தது அவளுக்கு என்று அச்சொல் சொல்கிறது. ஆங்கிலத் தொடரில் உள்ள ‘மாடஸ்டி’யும் குறையுடையதே, எனினும் ‘அவுட்ரேஜ்’ என்னும் வினை குற்றவாளியின் செயலையே சுட்டுகிறது. 1966-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு பஞ்சாப் வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். வன்முறைக்கு ஆளானது 7½ மாதப் பெண்குழந்தை. அக்குழந்தைக்கு நாண உணர்வு தோன்றியிராது என்று கருதி, அப்பிரிவு பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை மறுத்து, பாதிக்கப்பட்டவரின் வயதோ உணர்வோ அளவுகோல் ஆகாது என்று சொல்லி அப்பிரிவின்படியே தண்டித்தது. அந்தக் குழந்தையின் முன் ‘மானபங்கம்’ என்னும் சொல்லை வைத்துப் பார்த்தால் அதன் பொருந்தாமை புரியும்.

இவ்விடத்துக்கு ‘அத்துமீறல்’ மிக நெருங்கி வருகிறது. அத்து என்றால் எல்லை. ‘அத்துமீறி வீட்டுக்குள் புகுந்தான்’ என்று ஊரில் சொல்லும்போது குற்றம் முழுவதும் புகுந்தவன்மேல் நிற்கிறது. எனினும் அத்து, எல்லையைக் குறிக்கும் ‘ஹத்’ என்னும் அரபுச் சொல் உருது வழியாகத் தமிழுக்கு வந்தது என்பர். தனித்தமிழ் வேண்டுவோர் ‘வரம்பு மீறல்’ எனலாம். வயலில் அடுத்தவர் நிலத்தையும் நம் நிலத்தையும் பிரிக்கும் வரப்பும் இந்த வரம்பும் ஒன்றே. அந்த வரப்பை ஒரு சாண் வெட்டித் தள்ளினாலும் ஊர் கூடிவிடும். இலத்தீன் ‘அல்ட்ரா’வின் ‘அப்பால்’ என்னும் கருத்து இதில் முழுமையாக அமைகிறது.

எல்லா இடத்துக்கும் இது ஒன்றே போதாது. கொலை, கொள்ளை, ஊரை எரித்தல் ஆகியவற்றை வரம்பு மீறல் என்றால் கொடுமை குறைந்து ஒலிக்கும். அங்கே ‘அட்டூழியம்’ அல்லது ‘கொடுஞ்செயல்’ வேண்டும். சபையில் ஒருவரை இழிவுபடுத்துவது ‘பேரவமதிப்பு’. மத உணர்வுகளைப் பொறுத்தவரை ‘புண்படுத்துதல்’ நிலைபெற்றுவிட்டது, மாற்றத் தேவையில்லை. மக்கள் வெகுண்டெழுவதைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ‘கொந்தளிப்பு’ என்று எழுதலாம்.