உதை கையில் தொடங்குகிறது

கோரா ஸ்டான்டன் சிட்னியின் ஜயன்ட்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆடியது 2018-ல், 36 வயதில். மற்றவர்கள் ஓய்வை அறிவிக்கும் வயது அது. அயர்லாந்தின் மேயோ அணியோடு நான்கு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றவர் அவர். ஆஸ்திரேலியக் கால்பந்தின் பெண்கள் லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூ 2017-ல்தான் தொடங்கியது. அந்த ஆண்டே, அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஜயன்ட்ஸ் அவரை எடுத்தது.

அவர் ஆடி வளர்ந்த, அயர்லாந்தின் கேலிக் கால்பந்திலும் பந்தைக் கையிலிருந்து விட்டு உதைப்பார்கள், முஷ்டியால் தட்டிக் கொடுப்பார்கள், எகிறிப் பிடிப்பார்கள். ஆஸ்திரேலிய ஆட்டத்திலும் இதெல்லாம் உண்டு. அதனால் அயர்லாந்துக்காரர்களுக்கு இது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். சிக்கல் பந்தில் இருக்கிறது. அங்கே உருண்டைப் பந்து; இங்கே இரு முனையும் கூம்பிய நீள் பந்து.

உருண்டைப் பந்து எப்படித் திரும்பி விழுந்தாலும் காலுக்குக் கிடைப்பது ஒரே வளைவுதான். நீள் பந்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கணக்குப் போடுவோம். கைக்கும் பாதத்துக்கும் இடையே பந்து அரை மீட்டர் விழுகிறது என்றால், அதற்கு ஏறத்தாழ 0.32 நொடி ஆகும். கையை எடுக்கும்போது விரல் லேசாக இடறி, பந்து நொடிக்கு 60 பாகை வேகத்தில் சுழலத் தொடங்கினால், காலைத் தொடுவதற்குள் 19 பாகை சாய்ந்துவிடும். அந்தச் சாய்வு பக்கவாட்டில் அமைந்தால் குறியை மறந்துவிட வேண்டியதுதான். வர்ணனையாளர்கள் கால் பலத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், புதிதாக வந்த வீராங்கனையின் கையைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இந்த ஆட்டத்தின் அடிப்படை உதைக்கு டிராப் பண்ட் என்று பெயர். பந்தைச் செங்குத்தாக விட்டு, கீழ்முனைக்கு அருகே உதைக்க வேண்டும். பந்து பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டபடி பறக்கும். பார்க்க ஒழுங்கில்லாததுபோலத் தெரிந்தாலும் நம்பகமான உதை இதுதான். ஒரு பென்சிலை நடுவில் பிடித்து, முனைகள் வட்டமிடும்படி சுற்றிப் பாருங்கள். எடை அச்சிலிருந்து தள்ளியிருப்பதால், நீளவாக்கில் உருட்டுவதைவிட இப்படிச் சுற்றுவதற்கு எதிர்ப்பு அதிகம். இயற்பியலில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். அது மிக அதிகமாக உள்ள அச்சில் சுழலும் பொருள் எளிதில் தடுமாறாது.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடச் சுவையானது. குட்டிக்கரணத்தின் அச்சு, பந்து போகும் திசைக்குக் குறுக்கே, கிடையாகக் கிடக்கிறது. பாதை மேலேறி வளைந்து இறங்கினாலும் அந்த அச்சு பாதைக்குச் செங்குத்தாகவே இருக்கும். அதனால் காற்று பந்தைப் பக்கவாட்டில் தள்ளக் காரணமில்லை. டார்பிடோ என்ற உதையில் பந்து துப்பாக்கிக் குண்டு மாதிரி நீள அச்சில் சுழலும். சரியாகப் பட்டால் காற்றுத் தடை குறைந்து வெகுதூரம் போகும். ஆனால் பாதை கீழே வளையும்போதும் சுழலும் பந்தின் மூக்கு பழைய திசையையே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். காற்று ஒரு பக்கமாக அழுத்தும், பந்து விலகும்.

கேலிக் பழக்கம் இந்த இடத்தில்தான் காலை வாருகிறது. உருண்டைப் பந்தை வளைத்து அடிக்க, காலை உடலின் குறுக்கே வீசினால் போதும். பந்து பக்கவாட்டில் சுழல, சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கம் தள்ளும் மேக்னஸ் விளைவு அதை வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிராப் பண்டில் கால் இலக்கை நோக்கி நேராகப் போக வேண்டும். 20 ஆண்டுகளாக உடம்பில் ஊறிய வீச்சு அவசரத்தில் தானாகவே வந்துவிடும். போதாததற்கு, ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பந்து கையில் இருக்கும்போது எதிராளி இடுப்பைப் பிடித்துச் சாய்க்கவும் செய்வார்; அயர்லாந்துப் பெண்கள் ஆட்டத்தில் அப்படிப் பிடித்து இழுக்க அனுமதி கிடையாது.

தரையில் தட்டுவதும் தனிப் பாடம். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் பந்தோடு ஓடுபவர் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்டவோ தொடவோ வேண்டும். தரை கொடுக்கும் உந்துவிசை நீள் பந்தின் மையம் வழியாகப் போகாவிட்டால், அதில் ஒரு பங்கு சுழற்சியாக மாறிவிடும். விழும் கோணம் கொஞ்சம் மாறினாலும் பந்து வேறு பக்கம் துள்ளும்.

2019-ல் ஸ்டான்டனின் கால் மோசமாக முறிந்தது. மறுபடி திரும்பி வந்தார். அதே 2019-ல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த ஐலிஷ் கான்சிடின், அடிலெய்ட் அணியோடு லீக் பட்டம் வென்றார். அந்த இறுதியாட்டத்தைப் பார்க்க 53,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். 2022-ல், 40 வயதிலும், ஸ்டான்டன் ஜயன்ட்ஸ் சட்டையில் கோலுக்குக் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.