விழித்திரைக்கு அடியில் நீர் கோக்கும்போது

கம்பத்திலிருந்து குமுளி மலைக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியும் முன்பே கிளம்பிவிடும். ஓட்டுபவருக்குத் தூக்கம் குறைவு. வண்டிக் கடன், டீசல் விலை, கொண்டை ஊசி வளைவு என்று கவலைகளுக்குக் குறைவில்லை. அப்படி நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு, ஒரு கண்ணின் நடுவில் மட்டும் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு நிழல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, கண் சிவக்கவும் இல்லை. ஆனால் மின்கம்பம் நடுவில் நெளிகிறது. எதிரே வரும் பஸ் அந்தக் கண்ணுக்குச் சற்றுச் சின்னதாகத் தெரிகிறது. நிறங்கள் மங்கலாக இருக்கின்றன.

இப்படி வருபவர்களிடம் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது சென்ட்ரல் சீரஸ் கோரியோரெடினோபதி. சுருக்கமாக சிஎஸ்ஆர். ஜெர்மன் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1866-லேயே இதை விவரித்திருக்கிறார். முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம் வரும். பெண்களைவிட ஆண்களுக்குப் பல மடங்கு.

விழித்திரைக்கு அடியில் நிறமிச் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கின்றன. அதற்கும் அடியில் இருப்பது கோராய்டு, முழுக்க ரத்தக்குழாய்களாலான படலம். எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே ரத்த ஓட்டம் மிக அதிகமுள்ள திசுக்களில் அதுவும் ஒன்று. கீழிருந்து நீர் மேலே கசியாமல் தடுப்பதும், மேலே சேரும் நீரை உறிஞ்சிக் கீழே தள்ளுவதும் நிறமிச் செல்களின் வேலை. சிஎஸ்ஆர் வந்த கண்ணில் கோராய்டு தடித்து, குழாய்கள் விரிந்து, நீரைக் கசியவிடுகின்றன. அழுத்தம் தாங்காமல் நிறமி அடுக்கு ஓரிடத்தில் விட்டுக்கொடுக்கிறது. ஐப்பசி மழையில் ஊறிய சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பி நிற்குமே, அதுபோல விழித்திரை அந்த இடத்தில் மேலெழும்புகிறது. அது பார்வையின் மையமான மேக்குலாவாக இருப்பதால்தான் இத்தனை தொல்லை. ஒளி உணரும் செல்கள் இடைவெளி விட்டு விலகுவதால் பொருள்கள் சிறுத்துத் தெரிகின்றன. விழித்திரை சற்று முன்னுக்கு வந்துவிடுவதால், பிளஸ் பவர் கண்ணாடி போட்டால் கொஞ்சம் தெளிவதும் உண்டு.

டென்ஷனால்தான் இது வருகிறது என்று பலரும் சொல்வார்கள். சரி, டென்ஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மனம் நெருக்கடியில் இருக்கும்போது அட்ரினல் சுரப்பி கார்டிசாலை அதிகமாகச் சுரக்கிறது. கோராய்டின் குழாய்கள் அந்த ஹார்மோனுக்குக் கட்டுப்படுபவை. இதற்கு வலுவான சாட்சி மருந்துக்கடையில் இருக்கிறது: ஸ்டீராய்டு மாத்திரைகள் கார்டிசாலின் உறவுக்கார மருந்துகள்தாம், அவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறது.

ஆனாலும், "டென்ஷன் ஆகாதீங்கண்ணே" என்ற அறிவுரையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கடன் கட்ட வேண்டியவர் சொன்னவுடன் கவலையை விட்டுவிடுவாரா? அதைவிட முதலில் மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பது பலன் தரும். மலைக் குளிருக்கு இழுப்பு, அதற்கு இன்ஹேலர், பூச்சிமருந்து பட்டுத் தோலில் அரிப்பு, அதற்குச் சீட்டு இல்லாமல் வாங்கிய களிம்பு, மூக்கு ஸ்பிரே, மூட்டுவலிக்குப் போட்ட ஊசி. இவற்றில் எதில் வேண்டுமானாலும் ஸ்டீராய்டு இருக்கலாம். பெயர் ஒட்டாத வலிப்பொடிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் நீண்ட நாள் சாப்பிட்ட ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. உடல் தன் சொந்தக் கார்டிசாலைச் சுரப்பதை மறந்திருக்கும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரும் கண் மருத்துவரும் பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் நீர் எவ்வளவு கோத்திருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். பெரும்பாலும் 3, 4 மாதங்களில் தானாகவே வற்றிவிடும். ஆகவே முதல்முறை வந்தவரை மருத்துவர் சும்மா அனுப்பிவைத்தால், அது அலட்சியம் இல்லை. வற்றாமல் நின்றாலோ திரும்பத் திரும்ப வந்தாலோதான் சிகிச்சை: ஒளி பட்டால் வேலை செய்யும் வெர்டிபோர்ஃபின் மருந்தைப் பாதி அளவில் ரத்தத்தில் செலுத்தி, கசியும் இடத்தில் குளிர்ந்த லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். எப்லெரினோன் மாத்திரை உதவும் என்று பலர் நம்பினார்கள். 2020-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அது வெற்று மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

வந்தவர்களில் கணிசமானவர்களுக்கு இது திரும்ப வரும். அதை வீட்டிலேயே கவனிக்க, பிள்ளைகளின் கணக்கு நோட்டில் கட்டம் போட்ட பக்கம் ஒன்று போதும்: அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து, கிட்டப் பார்க்கும் கண்ணாடி இருந்தால் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நடுப்புள்ளியைப் பாருங்கள். கோடு வளைந்தாலோ கட்டம் மறைந்தாலோ ஸ்கேனுக்குப் போகலாம். தூக்கத்தைச் சரிசெய்வதும் முக்கியம். பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருந்தால் அதையும் பரிசோதிக்க வேண்டும். நிழல் தெரியும் நாட்களில் மலைப்பாதையில் இரவு வண்டி ஓட்டாதீர்கள். இரு கண்ணும் ஒத்துப்போகாதபோது தூரத்தைக் கணிப்பது கடினம்.

ஐம்பதைத் தாண்டியவருக்கு இதே நெளிவு வந்தால் வேறு விழித்திரை நோயாகவும் இருக்கலாம், அதற்குக் காத்திருக்கக் கூடாது. கண்ணில் மின்னல் அடிப்பதுபோலத் தெரிந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ அன்றைக்கே போய்விட வேண்டும். அது சிஎஸ்ஆர் இல்லை, விழித்திரை கழன்றுகொண்டிருக்கலாம்.