வயிற்றுக்குள் கசியும் சிறுநீர்: பச்சிளங் குழந்தைகளின் சிறுநீர்ப்பைக் காயங்கள்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் வேலை செய்யும் குடும்பம், பிறந்து 22 நாளான ஆண் குழந்தையைக் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து சேலத்துக்கு எங்களிடம் கொண்டுவந்தபோது, அதன் வயிறு பளபளவென்று உப்பியிருந்தது. "அரணாக்கவுறு நேத்து லூசா இருந்துச்சுங்க, இன்னைக்கு வெரலு நுழையல" என்றார் உடன் வந்த பாட்டி. ரத்தப் பரிசோதனைச் சீட்டில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் வெகுவாக உயர்ந்திருந்ததால், சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றே அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். சிறுநீரகங்களோ நன்றாகவே இருந்தன. இரண்டு நாள் முன்பு காய்ச்சலுக்காக வேறோரிடத்தில் சிறுநீர் மாதிரி எடுக்க நுழைத்த குழாய், சிறுநீர்ப்பையின் மேற்சுவரைத் துளைத்திருந்தது.

பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை இடுப்பெலும்புகளுக்குள் பாதுகாப்பாக அமர்ந்திருக்கும். பச்சிளங் குழந்தையின் இடுப்புக்குழி ஆழமற்றது என்பதால் அது வயிற்றுக்குள்ளேயே, தொப்புளை நோக்கி உயர்ந்து நிற்கிறது. கருவிலிருந்த நாளின் மிச்சமான யூராக்கஸ் என்னும் நாண் அதன் உச்சியைத் தொப்புளோடு இணைக்க, தொப்புள் தமனிகள் இரண்டும் அதன் இருபுறமும் ஒட்டியே இறங்குகின்றன. ஆகவே, குறைமாதக் குழந்தைக்குத் தொப்புள் தமனி வழியே குழாய் செலுத்தும்போது, குறிப்பாகத் தமனியைத் தேடித் தொப்புளுக்குக் கீழே கீறித் திறக்கும்போது, யூராக்கஸோ சிறுநீர்ப்பையோ வெட்டுப்படலாம். குடலிறக்க அறுவையிலும் இந்த ஆபத்து உண்டு, ஏனெனில் இந்த வயதில் சிறுநீர்ப்பையின் பக்கங்கள் தொடையிடுக்கு வரை புடைத்து வரக்கூடும். அடிவயிற்றில் ஊசி செலுத்திச் சிறுநீர் எடுப்பதானால், பை நிரம்பியிருப்பதை ஸ்கேனில் பார்த்தபின் செய்வதே நல்லது.

சிறுநீர் எடுக்க நுழைக்கும் குழாயைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில், தவறு பெரும்பாலும் கடைசி சில சென்டிமீட்டர்களில்தான் நேர்கிறது. இதற்குப் பயன்படுத்தும் மெல்லிய ஃபீடிங் டியூபில் (பாலூட்டும் குழாய்) சிறுநீர் வந்ததும் கை நிற்க வேண்டும். அதற்கு மேலும் வெகுதூரம் தள்ளினால் குழாய் உள்ளே சுருண்டு முடிச்சு விழுவதும் உண்டு, மெல்லிய சுவரைக் குத்துவதும் உண்டு. இவை உயிர்காக்கும் சிகிச்சைகள் என்பதையும், காயம் நேர்ந்த ஒவ்வோரிடத்திலும் அலட்சியம் இருந்ததாகப் பொருளில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேலும், ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தாரையில் பிறவியிலேயே உள்ள வால்வு அடைப்பினாலும் சிறுநீர் வயிற்றுக்குள் கசியலாம். அதைத் தேடிப் பார்க்காமல் எவர் மீதும் பழி போடக் கூடாது.

ரத்தப் பரிசோதனை ஏமாற்றுவதற்குக் காரணம் எளியது. வயிற்றுக்குள் தேங்கிய சிறுநீரை வயிற்றறைச் சவ்வு உறிஞ்சி, சிறுநீரகம் வெளியேற்றிய கழிவை மீண்டும் ரத்தத்துக்கே அனுப்புகிறது. டயாலிசிஸ் தலைகீழாக நடப்பதுபோல. கிரியாட்டினினும் பொட்டாசியமும் ஏறும், சோடியம் இறங்கும். வயிற்று நீரைச் சிறிது எடுத்துச் சோதித்து, அதிலுள்ள கிரியாட்டினின் ரத்தத்தில் இருப்பதைவிட வெகு அதிகமென்றால் அது சிறுநீர்தான். சாய மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்-ரே ஓட்டையின் இடத்தைக் காட்டிவிடும். சிறிய கசிவு குழாய் வைத்து வடித்தாலே பல வேளைகளில் மூடிக்கொள்கிறது. எங்கள் குழந்தைக்கு இருந்தது பெரிய கிழிசல் என்பதால், இரண்டு அடுக்காகத் தைத்துப் பத்து நாள் குழாய் வைத்தோம். மூன்றாம் நாளே கிரியாட்டினின் இயல்புக்கு வந்தது.

மருத்துவமனையில் ஈர டயப்பரை எடை போட்டு, உலர்ந்ததன் எடையைக் கழித்து, ஒரு கிராமை ஒரு மில்லியாகக் கணக்கிடுகிறோம். மூன்று கிலோ குழந்தைக்கு 24 மணி நேரத்தில் 72 மில்லிக்குக் கீழே போனால் காரணம் தேடுகிறோம். வீட்டில் தூளியில் நனையும் துணிகளை எண்ணினால் போதும். குழாயோ ஊசியோ செலுத்திய பிறகு துணிகள் காய்ந்தே கிடந்து, வயிறும் இறுகினால், அல்லது தொப்புளில் நீர் கசிந்தால், தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வரவேண்டும். வந்ததும் முதல் வேலையாகக் குழாய் போட்ட செய்தியையும் அந்தச் சீட்டையும் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பாட்டி அதைச் சொன்னது, நாங்கள் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான்.