ஐந்து நிமிட டி-சர்ட்டுக்கு நான்கு மணி நேரம் ஏன்?

வெட்டி வைத்த துண்டுகளை எடுத்து ஒரு சாதாரண வட்டக் கழுத்து டி-சர்ட்டைத் தைத்து முடிக்க, ஆளும் மெஷினும் சேர்ந்து செய்யும் வேலை ஏறக்குறைய ஐந்து நிமிடம். ஆனால் பனியன் கம்பெனியில் காலையில் லைனின் (வரிசையாகப் போட்ட தையல் மெஷின்களின்) தலைமாட்டில் வைத்த பண்டில் (ஒன்றாகக் கட்டிய துண்டுகள்), கடைசி மெஷினைத் தாண்டி செக்கிங் மேசைக்கு வந்து சேர மதியச் சாப்பாட்டு வேளை ஆகிவிடும். இடைப்பட்ட நேரம் முழுக்க அந்தத் துணி சும்மா கிடந்திருக்கிறது. அத்தனைக்கும் லைனில் ஒருவர்கூடச் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்.

உற்பத்தி மற்றும் செயல்பாட்டு மேலாண்மை என்று பி.பி.ஏ., எம்.பி.ஏ., பொறியியல் படிப்புகளில் வரும் பாடத்தின் பாதிச் சூத்திரங்களுக்கு இந்த ஒரு கேள்வியே போதும். திருப்பூரில் அன்றாடம் ஓடும் ஒரு தையல் லைனை வைத்தே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ள நேரங்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; துணியும் ஸ்டைலும் மாறினால் இவையும் மாறும். ஓவர்லாக், ஃபிளாட்லாக், சிங்கிள் நீடில் என்பவை மெஷின் வகைகள்; ரிப் என்பது கழுத்துப் பட்டி.

தோள் இணைப்பு, ஓவர்லாக்: 25 வினாடி
கழுத்து ரிப் மூட்டுதல், ஓவர்லாக்: 12
ரிப்பைக் கழுத்தில் பொருத்துதல், ஓவர்லாக்: 35
பின்கழுத்து டேப், சிங்கிள் நீடில்: 40
இரண்டு கைகளின் மடிப்பு, ஃபிளாட்லாக்: 36
கை பொருத்துதல், ஓவர்லாக்: 54
பக்க மூட்டு (வாஷ்கேர் லேபிளோடு), ஓவர்லாக்: 60
அடி மடிப்பு, ஃபிளாட்லாக்: 38

கூட்டினால் 300 வினாடி. இந்த எண்கள் ஸ்டாப்வாட்சில் பார்த்த நேரங்கள் அல்ல, வேகத்தையும் ஓய்வையும் கணக்கில் சேர்த்த நிலை நேரங்கள் (ஸ்டாண்டர்ட் டைம்). ரிப் பொருத்துவதை எடுத்துக்கொள்வோம். பல சுற்றுகள் அளந்து பார்த்ததில் சராசரி 34 வினாடி வந்தது. அந்த டெய்லர் இயல்பான வேகத்தில் 90 விழுக்காட்டில் வேலை செய்தார் என்று அளந்தவர் மதிப்பிட்டார். அப்படியானால் அடிப்படை நேரம் 30.6 வினாடி. நூல் மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, களைப்பு ஆகியவற்றுக்கு 15 விழுக்காடு கூட்டினால் 35.2. அதைத்தான் 35 என்று வைத்தோம். முழு முறையிலும் பலவீனமான கண்ணி இந்த வேக மதிப்பீடுதான். வாட்சோடு ஒருவர் பக்கத்தில் வந்து நின்றதும் கை தானாக மெதுவாகும். அதனால் ஒரே டெய்லரை ஒரே நாளில் அளந்துவிட்டு அதையே நிலை நேரம் என்று எழுதினால், அந்தப் பிழை பின்னால் வரும் எல்லாக் கணக்கிலும் ஏறிக்கொள்ளும்.

பக்க மூட்டின் 60 வினாடியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. கையின் அடிப்பகுதி முதல் கீழ் ஓரம் வரை ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தையல். சென்டிமீட்டருக்கு நான்கு தையல் வீதம் 240. இரண்டு பக்கமும் சேர்த்து 480. நிமிடத்துக்கு 6,000 தையல் போடும் ஓவர்லாக் முழு வேகத்தில் ஓடினால் இதற்கு 4.8 வினாடி போதும். பாதி வேகத்தில் ஓடினாலும் பத்து வினாடியைத் தாண்டாது. மீதி ஐம்பது வினாடி எங்கே போகிறது? பண்டிலிலிருந்து பீஸை எடுக்க, ஓரத்தோடு ஓரம் சேர்க்க, லேபிளை வைக்க, திருப்ப, நூலை வெட்ட, போட. இதை விட்டுவிட்டு 7,000 தையல் போடும் மெஷின் வாங்கினால் ஒன்றரை வினாடிகூட மிச்சமாகாது. பீஸ் வைக்கும் மேசையை இடது கைக்கு எட்டும்படி நகர்த்தினாலே நாலைந்து வினாடி மிச்சப்பட வாய்ப்பு உண்டு.

இனி லைன். சாப்பாட்டு நேரம் போக எட்டு மணி நேர வேலை என்றால் 28,800 வினாடி. ஒரு நாளைக்கு 720 பீஸ் வேண்டும். வகுத்தால் 40 வினாடி. லைனின் வாலிலிருந்து 40 வினாடிக்கு ஒரு பீஸ் விழுந்தாக வேண்டும்; இதற்குப் பெயர் டாக்ட் நேரம். 300-ஐ 40-ஆல் வகுத்தால் 7.5 வருகிறது. அரை ஆள் கிடையாது, ஆகவே குறைந்தது எட்டுப் பேர்.

எட்டுப் பேருக்கு வேலையை எப்படிப் பங்குபோடுவது? இங்கே இரண்டு தடைகள் குறுக்கே நிற்கின்றன. ஒன்று, வரிசை: தோள் இணையாமல் ரிப் ஏறாது, டேப் முடிந்த உடம்பும் மடித்த கையும் சேர்ந்தால்தான் கை பொருத்த முடியும். மற்றொன்று, மெஷின்: ஓவர்லாக்கில் உட்கார்ந்தவரிடம் ஃபிளாட்லாக் வேலையைக் கொடுக்க முடியாது. பாடநூல்கள் முதல் தடையை விரிவாகச் சொல்லும், இரண்டாவதை ஒரு வரியில் தாண்டிப் போகும். ஆனால் கம்பெனியில் உயிரை வாங்குவது இரண்டாவதுதான்.

வரிசைச் சிக்கலுக்கு 1961-இல் ஹெல்ஜசன், பிர்னி என்ற இருவர் கொடுத்த எளிய வழி இன்றும் வகுப்பில் நடத்தப்படுகிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதன் சொந்த நேரத்தோடு, அதற்காகக் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டு. அடி மடிப்புக்குப் பின்னால் எதுவும் இல்லை, ஆகவே 38. பக்க மூட்டுக்கு 98. கை பொருத்துதல் 152. கை மடிப்பு 188, டேப் 192, ரிப் பொருத்துதல் 227, ரிப் மூட்டுதல் 239, தோள் 252. பெரிய எண்ணிலிருந்து தொடங்கி, 40 வினாடி நிரம்பும்வரை ஒரு ஆளுக்கு வேலையை அடுக்கிக்கொண்டே வர வேண்டும்.

முதல் ஆளுக்குத் தோளும் ரிப் மூட்டுதலும்: 37 வினாடி. இரண்டும் ஓவர்லாக் வேலை, பொருந்துகிறது. இரண்டாம் ஆளுக்கு ரிப் பொருத்துதல் 35, மூன்றாம் ஆளுக்கு டேப் 40, நான்காம் ஆளுக்குக் கை மடிப்பு 36. அடுத்த இரண்டு வேலைகளும் 40-ஐத் தாண்டுவதால் ஒரே ஆளால் முடியாது. வழக்கமாகச் செய்வது, கைக்கு இருவர், பக்கத்துக்கு இருவர் என்று போடுவது. ஆளுக்கு முறையே 27, 30 வினாடிதான் வேலை இருக்கும். கடைசியில் அடி மடிப்பு 38. மொத்தம் ஒன்பது பேர். சமநிலைத் திறன் என்பது வேலை நேரத்தை, சம்பளம் கொடுக்கும் நேரத்தால் வகுப்பது: 300-ஐ 360-ஆல் வகுத்தால் 83.3 விழுக்காடு.

ஆனால் கை பொருத்துவதும் பக்கம் மூட்டுவதும் அடுத்தடுத்த வேலைகள், இரண்டும் ஓவர்லாக். சேர்த்தால் 114 வினாடி. மூன்று பேரை உட்காரவைத்து, ஒவ்வொருவரும் கையிலிருந்து பக்கம் வரை தானே முடிக்கட்டும் என்றால் ஆளுக்குச் சராசரி 38. இப்போது எட்டுப் பேர் போதும், திறன் 93.75 விழுக்காடு. ஒரு ஆள் சம்பளம் மிச்சம், இடையில் ஒரு பண்டில் கைமாற்றமும் மிச்சம். ஒரே நிபந்தனை, மூவருக்கும் இரண்டு வேலையும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த லைனின் வேகத்தை நிர்ணயிப்பவர் டேப் அடிப்பவர். அவருக்கு 40 வினாடி, மற்ற எல்லோருக்கும் அதற்குக் கீழே. அவர்தான் பாட்டில்நெக். அவருடைய மெஷின் ஒரு மணி நேரம் நின்றால் லைன் முழுவதற்கும் 90 பீஸ் போச்சு. தோள் இணைப்பவரை 37-லிருந்து 30 வினாடிக்குக் கொண்டுவந்தாலும் கூடுதலாக ஒரு பீஸும் வராது. டேப் மெஷினுக்கு முன்னால் குவியல்தான் உயரும். ஆளுக்கு ஆள் பீஸ் ரேட் கொடுக்கும் இடங்களில் நடப்பது சரியாக இதுதான். வேகமாகத் தைப்பவருக்குக் கூலி கூடுகிறது, கம்பெனிக்கு டெலிவரி கூடுவதில்லை.

குவியல் உயர்ந்தால் என்ன, வேலை கையில் இருப்பது நல்லதுதானே என்று சூப்பர்வைசர்கள் பலரும் நினைப்பார்கள். அதற்கான பதிலை ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி தருகிறது: லைனுக்குள் இருக்கும் பீஸ்கள், வெளிவரும் வேகத்தை ஒரு பீஸ் உள்ளே கழிக்கும் நேரத்தால் பெருக்கியதற்குச் சமம். சீராக ஓடும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும், ரேஷன் கடை வரிசை உட்பட.

நம் லைனில் டி-சர்ட்டின் உடம்பு ஏழு பேரிடம் இருக்கும் (கை மடிப்பவர் தனிக் கிளை). 25 பீஸ் கொண்ட பண்டில், ஆளுக்கு இரண்டு என்று வைத்தால் 350 பீஸ். மணிக்கு 90 பீஸ் வெளியே வருகிறது. 350-ஐ 90-ஆல் வகுத்தால் 3.9 மணி நேரம். தலைப்பில் கேட்ட நான்கு மணி நேரம் இதுதான். பண்டிலை 5 பீஸாகக் குறைத்தால் உள்ளே இருப்பது 70. ஒரு பீஸ் லைனைக் கடக்கும் நேரம் 47 நிமிடம். ஆளோ மெஷினோ வேகமோ மாறவில்லை. நாளுக்கு 720 பீஸும் மாறவில்லை.

நேரத்தை விடப் பெரிய லாபம் டமேஜில். ரிப் பொருத்தும் மெஷினில் நூல் டென்ஷன் (இழுவிசை) மாறி, கழுத்து அலையலையாக வருகிறது என்று வையுங்கள். அது செக்கிங் மேசையில்தான் கண்ணில் படுகிறது. அதற்குள் டேப், கை, பக்கம், அடி என்று பின்னால் இருக்கும் ஐந்து பேரிடமும் பழுதான பீஸ்கள் சேர்ந்திருக்கும்: பெரிய பண்டிலில் ஏறக்குறைய 250, சிறிய பண்டிலில் 50. பிரித்துத் தைக்கும்போது ஓவர்லாக் கத்தி ஓரத்தை மறுபடி வெட்டும், அளவு குறையும். பல பீஸ்கள் செகண்ட்ஸுக்குத்தான் (இரண்டாந்தரச் சரக்குக்கு) போகும்.

அப்படியானால் குவியலே வேண்டாமா? ஆளுக்கு ஒரே ஒரு பீஸ் என்று வைத்தால், பாட்டில்நெக்குக்கு முந்தைய மெஷினில் எங்கே ஊசி உடைந்தாலும் அடுத்த நிமிடமே அது பட்டினி கிடக்கும். அவர் முன் பத்து பீஸ் இருந்தால் 400 வினாடி, அதாவது ஆறு நிமிடம் நாற்பது வினாடி தாங்கும். ஊசி மாற்ற, நூல் கோக்க அது போதும். லூப்பர் (அடியில் நூலைக் கொக்கிபோல் பின்னும் உறுப்பு) டைமிங் தவறி மெக்கானிக் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் பத்து பீஸ் தாங்காது. 45 பீஸ் வேண்டும். அதற்காக எல்லா மெஷின் முன்னாலும் 45 பீஸ் குவிப்பதை விட, ஒரு ஓவர்லாக்கை ஸ்பேராக வைத்திருப்பது மலிவு. பாட்டில்நெக் முன்னால் மட்டும் குவியலைக் கூட்டி, மற்ற இடங்களில் குறைத்து வைப்பதே சரி.

ஒருவரை 100 விழுக்காடு வேலையில் வைப்பதும் ஆபத்து. எந்த டெய்லரும் ஒவ்வொரு பீஸையும் மிகச் சரியாக 40 வினாடியில் தைப்பதில்லை. ஒன்று 34, மற்றொன்று 49. வரவும் வேலை நேரமும் முற்றிலும் ஒழுங்கற்று அமையும் எளிய வரிசை மாதிரியில், ஒருவர் 80 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால் அவரிடம் சராசரியாக 4 பீஸ் இருக்கும். 90 விழுக்காட்டில் 9, 95-இல் 19. தையல் லைன் அவ்வளவு ஒழுங்கற்றது இல்லை என்பதால் உண்மையில் எண்கள் சிறியவை, ஆனால் வளைவு இதே மாதிரிதான் செங்குத்தாக ஏறும். 93.75 விழுக்காடு திறன் காகிதத்தில் அழகு. லைனில் அது சிறு தடங்கலையும் பொறுக்காத அமைப்பு.

அந்தப் பொறுக்காமையைத் திங்கட்கிழமை காட்டிக் கொடுக்கும். கை–பக்கம் மூட்டும் மூவரில் ஒருவர் வரவில்லை. எட்டில் ஒருவர்தானே, 12.5 விழுக்காடுதான் குறையும் என்று கணக்குப் போட்டால் தவறு. 114 வினாடி வேலை இருவருக்கு, ஆளுக்கு 57. 28,800-ஐ 57-ஆல் வகுத்தால் 505 பீஸ். முப்பது விழுக்காடு சரிவு! மீதி ஐந்து பேரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் குவியலை வளர்ப்பார்கள், அல்லது வேலைக்காகக் காத்திருப்பார்கள். ஓவர்லாக்கில் மிஞ்சிய நால்வருக்கும் எல்லா ஓவர்லாக் வேலையும் தெரிந்திருந்தால் 186 வினாடியை நால்வரும் பகிர்ந்து ஆளுக்கு 46.5 ஆக்கலாம், அப்போது 619 பீஸ் வரை போகும். யாருக்கு எந்த வேலை, எவ்வளவு தெரியும் என்று ஒரு கட்டம் போட்ட தாள் சுவரில் இருந்தால், காலை எட்டரைக்கே இந்த முடிவை எடுத்துவிடலாம். பெரும்பாலும் பத்தரைக்கு, குவியல் தெரிந்த பிறகுதான் எடுக்கிறார்கள். மணிக்கொருமுறை எத்தனை பீஸ் என்று எழுதும் பலகையின் பயனும் இதுதான். அதில் எண்ணை விட முக்கியம், 90 வராத மணிக்குப் பக்கத்தில் எழுதும் காரணம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பலகை வெறும் அலங்காரம்.

கடைசியாக, ஸ்டைல் மாற்றம். 1936-இல் அமெரிக்க விமானப் பொறியாளர் டி.பி. ரைட், மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு நேரம் ஏறக்குறைய 20 விழுக்காடு குறைவதைக் காட்டினார். தையலில் அந்த விழுக்காடு வேறு, ஒவ்வொரு லைனிலும் அளந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் புது ஸ்டைல் ஏறிய முதல் நாள் எந்த லைனும் 720 கொடுக்காது. முதல் நாள் 45 விழுக்காடு, இரண்டாம் நாள் 60 விழுக்காடு வேகம் என்று வைப்போம். 600 பீஸ் ஆர்டரில் முதல் நாள் 324 முடியும். மீதி 276-க்கு மணிக்கு 54 வீதம் ஐந்து மணி நேரம் சொச்சம். ஆக 13.1 மணி நேரம், எட்டுப் பேர். பீஸுக்கு 10.5 நிமிடச் சம்பளம்.

அதே டி-சர்ட் 20,000 பீஸ் ஆர்டராக வந்தால், முதல் சில நாட்களின் மந்தம் கரைந்து, பீஸுக்கான நேரம் ஐந்தரை, ஆறு நிமிடத்தை நோக்கி இறங்கும். விலை கேட்டு வரும் பையருக்கு (வாங்குபவருக்கு) ஸ்டைலின் நிமிடத்தை மட்டும் பார்த்து ரேட் சொல்பவர், 600 பீஸ் ஆர்டரில் தையல் கூலியில் பாதியைத் தன் கையிலிருந்து கட்டுவார். சிறு ஆர்டருக்கான ரேட் தாளில் பீஸ் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி தனியாக இருக்க வேண்டும்.